தேடலுக்கும் விலை உண்டு: தேடல் பொருளியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வாஷிங் மெஷின் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். வேலைக்கு ஊரெல்லாம் விண்ணப்பம் போடுகிறோம். வீடு, வரன், கடன் என்று எதை எடுத்தாலும் முதலில் வருவது அலைச்சல்தான். அந்த அலைச்சலையும் ஒரு செலவாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடும் பொருளியலுக்குத் தேடல் கோட்பாடு என்று பெயர். தேடுவதற்கு ஆகும் செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்த்தாலே ஒரு சந்தையைப் பற்றிப் பாதி புரிந்துவிடும் என்பது என் எண்ணம். பொருளியல் படிக்காதவர்கள் கேட்கும் கேள்விகளையும் படித்தவர்கள் எழுப்பும் சந்தேகங்களையும் சேர்த்தே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கோட்பாடு எங்கிருந்து வந்தது?

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து. ஒரே பொருளுக்கு ஒரே ஊரில் ஒரே விலைதான் நிலைக்கும் என்பது பாடப்புத்தகப் பாடம். சிகாகோவில் ஒரே மாதிரியான செவர்லே காருக்கு விற்பனை முகவர்கள் சொன்ன விலையை ஸ்டிக்லர் எடுத்துக் காட்டினார். ஒருவர் 2,350 டாலர் சொல்கிறார், இன்னொருவர் 2,515 சொல்கிறார். கார் ஒன்றுதான், ஊரும் ஒன்றுதான்.

வாங்குகிறவர்கள் ஏமாளிகள் என்று அவர் சொல்லவில்லை. யார் மலிவாகத் தருகிறார் என்று கண்டுபிடிக்க நேரமும் பணமும் ஆகிறது. அந்தச் செலவு இருக்கும்வரை விலை வித்தியாசமும் இருந்துகொண்டேதான் இருக்கும். தகவலும் காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்குதான் என்பது அன்றைக்குப் புதிய பேச்சு. 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, எத்தனை கடை ஏறலாம்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு வாஷிங் மெஷின் ஊரில் 10,000 முதல் 12,000 ரூபாய் வரை விற்கிறது, எந்தக் கடையில் எந்த விலை என்று தெரியாது, எல்லா விலைக்கும் ஒரே வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரே கடையில் கேட்டு வாங்கினால் சராசரியாக 11,000 ஆகும். இரண்டு கடையில் கேட்டு மலிவானதை எடுத்தால் 10,667. மூன்று என்றால் 10,500, நான்கு என்றால் 10,400, ஐந்து என்றால் 10,333.

அதாவது இரண்டாவது கடை உங்களுக்கு 333 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. மூன்றாவது கடை 167, நான்காவது 100, ஐந்தாவது 67. பத்தாவது கடைக்குப் போய்க் கிடைப்பது 18 ரூபாய்தான். ஒரு கடைக்குப் போய்வர ஆட்டோ, வெயில், அரைமணி நேரம் எல்லாம் சேர்த்து 100 ரூபாய் மதிப்பு என்று நீங்கள் நினைத்தால், நான்கு கடைக்கு மேல் போவது நஷ்டம். ‘இன்னும் ஒரு கடை பார்த்துடலாமே’ என்ற ஆசைக்கு இதுதான் பதில்.

போகும் முன்பே கடை எண்ணிக்கையை முடிவு செய்துவிட வேண்டுமா?

வேண்டாம். முதல் கடையிலேயே 10,050 என்று சொன்னால் மீதி மூன்று கடைக்கு எதற்குப் போக வேண்டும்? ஸ்டிக்லருக்குப் பின் வந்தவர்கள் திருத்தியது இந்த இடத்தைத்தான். எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரு விலையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த விலையோ அதற்குக் கீழோ கிடைத்தால் வாங்கிவிட வேண்டும், அதற்கு மேல் என்றால் அடுத்த கடை.

அந்த எல்லை விலை எங்கே நிற்கும்? இன்னொரு கடைக்குப் போனால் சராசரியாக எவ்வளவு மிச்சமாகுமோ அதுவும், போகிற செலவும் சமமாகும் புள்ளியில். மேலே சொன்ன கணக்கில், அலைச்சல் 100 ரூபாய் என்றால் எல்லை 10,630 ரூபாய் வாக்கில் வருகிறது. சராசரியாக மூன்று கடையில் வேலை முடிந்துவிடும். கடைத்தெருவிலேயே குடியிருப்பவருக்கு அலைச்சல் 25 ரூபாய்தான் என்றால் எல்லை 10,315-க்கு இறங்கும். அவர் ஆறேழு கடை பார்ப்பது நியாயம். இருவருமே புத்திசாலிகள்தான், அவரவர் அலைச்சலின் விலைதான் வேறு.

மிச்சமாகும் தொகையைப் பார்ப்பதா, சதவீதத்தைப் பார்ப்பதா?

தொகையை. இதில் நாம் எல்லோருமே சறுக்குகிறோம். உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1981-இல் வெளியிட்ட ஒரு கேள்வி இது: இருபது நிமிடம் காரில் போனால் ஒரு பொருளுக்கு 5 டாலர் குறையும், போவீர்களா? பொருளின் விலை 15 டாலர் என்றபோது 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். 125 டாலர் என்றபோது 29 சதவீதம் பேர்தான். இருபது நிமிடமும் மாறவில்லை, 5 டாலரும் மாறவில்லை.

இதனால் வரும் இழப்பு பெரிய செலவுகளில்தான் அதிகம். தக்காளிக்கு ஐந்து ரூபாய் குறைக்கப் பத்து நிமிடம் பேசுகிறவர் வீட்டுக் கடனுக்கு ஒரே வங்கியில் விசாரித்துக் கையெழுத்துப் போடுகிறார். 30 லட்சம் ரூபாய்க் கடனில் அரை சதவீத வட்டி வித்தியாசம் என்பது முதல் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 15,000 ரூபாய். தேட வேண்டிய இடம் அதுதான்.

ஊரில் என்ன விலை நடக்கிறது என்றே தெரியாவிட்டால்?

அப்போது ஒவ்வொரு விசாரிப்பும் இரண்டு வேலை செய்கிறது. ஒரு விலையைக் கொடுக்கிறது, மொத்தச் சந்தையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கிறது. மைக்கேல் ராத்ஸ்சைல்ட் 1974-இல் இதை ஆராய்ந்தார். நடைமுறைக்கு: புது ஊரில் வாடகை வீடு தேடுகிறவர் முதல் சில வீடுகளைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். எல்லையை அதன் பிறகு வைத்தால் போதும்.

‘37 சதவீத விதி’ என்று சொல்கிறார்களே?

நூறு பேர் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள், நிராகரித்தவரைத் திரும்ப அழைக்க முடியாது, அந்த நூறில் மிகச் சிறந்தவரே வேண்டும் என்றால், முதல் 37 பேரைப் பார்த்துவிட்டு விட வேண்டும். அதற்குப் பிறகு, அவர்கள் எல்லோரையும்விட மேலானவராக முதலில் வருபவரை எடுக்க வேண்டும். சிறந்தவரே கிடைக்கும் வாய்ப்பும் 37 சதவீதம்தான்.

கணிதம் அழகானது. ஆனால் இதை வாழ்க்கை முடிவுகளுக்கு அப்படியே பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது சிறந்தவருக்கு மதிப்பே பூஜ்ஜியம் என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. வானியலாளர் கெப்ளர் 1611-இல் முதல் மனைவியை இழந்தபின் பதினொரு பெண்களைப் பரிசீலித்தார். கடைசியில் ஐந்தாவதாகப் பார்த்த சுசன்னாவையே தேடிப் போய் 1613-இல் மணந்தார். திரும்பிப் போக வழி இருந்தால் விதியே மாறிவிடுகிறது.

விற்கிறவர்கள் இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க மாட்டார்களா?

நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். பீட்டர் டயமண்ட் 1971-இல் காட்டிய முடிவு இன்றைக்கும் திகைக்க வைக்கிறது. ஊரில் ஐம்பது கடைகள், எல்லாவற்றிலும் ஒரு பொருள் 100 ரூபாய். ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போக உங்களுக்கு 2 ரூபாய் செலவு. ஒரு கடைக்காரர் 101 என்று ஏற்றினால் நீங்கள் போவீர்களா? 1 ரூபாயைச் சேமிக்க 2 ரூபாய் செலவழிக்க மாட்டீர்கள், அங்கேயே வாங்கிவிடுவீர்கள். இதே யோசனை மற்ற நாற்பத்தொன்பது பேருக்கும் வரும். எல்லோரும் 101. பிறகு 102. இப்படியே ஏறி, ஊரில் ஒரே கடை இருந்திருந்தால் என்ன விலை வைத்திருக்குமோ அங்கே போய் நிற்கும்.

கடைகள் நிறைய இருந்தாலே போட்டி வந்துவிடும் என்ற நம்பிக்கையை இது உடைக்கிறது. நிஜச் சந்தையில் விலை அவ்வளவு ஏறாததற்குக் காரணம், விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் சிலர் எப்போதும் இருப்பதுதான். அவர்களுடைய அலைச்சலின் பலன் மற்றவர்களுக்கும் போய்ச் சேர்கிறது.

தேடலை வேண்டுமென்றே கடினமாக்குகிறார்களா?

நகைக்கடையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் தங்கத்தின் அன்றாட விலை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான், செய்தியிலேயே வந்துவிடும். போட்டி அங்கே முடிந்துவிட்டது. வித்தியாசம் முழுவதும் செய்கூலியிலும் சேதாரத்திலும் ஒளிந்திருக்கிறது. ஒரு கடை ‘செய்கூலி இல்லை’ என்று விளம்பரம் செய்யும், சேதாரம் கூடுதலாக இருக்கும். இன்னொன்று நேர் எதிர். டிசைனுக்கு டிசைன் சதவீதம் மாறும். அட்டிகையை ஒப்பிடப் போனால் ‘அது வேற ரகம்’ என்பார்கள்.

சேதாரம் 8 சதவீதமா 14 சதவீதமா என்பது பேச்சில் சின்ன வித்தியாசமாகப் படும். பத்து சவரன் என்றால் 80 கிராம், அதில் 6 சதவீதம் 4.8 கிராம். அரைச் சவரனுக்கு மேல் போய்விட்டது! கல்யாண நகை எடுக்கும் வீட்டில் இது சின்னப் பணமில்லை.

என் யோசனை: சதவீதம் எதையும் பேச வேண்டாம். எடையையும் டிசைனையும் காட்டி, ‘செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துக் கைக்கு என்ன விலை?’ என்று கேட்டு, கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்று கடையில் இப்படி எழுதினாலே மூடுபனி விலகிவிடும். கல் பதித்த நகை என்றால் கல்லின் எடையையும் விலையையும் தனியாகக் கேளுங்கள். தரத்தைப் பற்றிய தேடலை ஹால்மார்க் முத்திரை பெருமளவு குறைத்துவிட்டது. விலையைப் பற்றிய தேடலுக்கு அப்படி ஒரு முத்திரை இன்னும் வரவில்லை.

தேடும் செலவு குறைந்தால் உண்மையில் என்ன நடக்கும்? சான்று இருக்கிறதா?

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. வடகேரளக் கடற்கரையில் மத்தி பிடிக்கும் படகுகளைப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். முடிவுகள் 2007-இல் வெளியாயின.

1997 ஜனவரி 14, காலை எட்டு மணியை நெருங்கும் நேரம். வடகரா என்ற ஊரின் கரையில் 11 மீனவர்களுக்கு வாங்க ஆளே இல்லை. பிடித்துவந்த மீனைக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் உள்ள மற்றக் கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே விலை கிலோ பத்து ரூபாயை ஒட்டி இருந்தது.

ஏன் அங்கே போகவில்லை? கடலில் இருக்கும் ஒருவருக்கு எந்தக் கரையில் என்ன விலை என்று தெரிய வழியில்லை. கரைச் சந்தை விடிகாலையில் கூடிச் சில மணி நேரத்தில் கலைந்துவிடும். டீசல் செலவழித்து இன்னொரு கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏலம் முடிந்திருக்கலாம், அல்லது அங்கேயும் மீன் குவிந்திருக்கலாம். மத்தி தாங்கும் மீனும் இல்லை. ஆக, ஒரு நாளைக்கு ஒரு கரையைத்தான் ‘விசாரிக்க’ முடியும். அதனால் எல்லோரும் சொந்தக் கரைக்கே திரும்பினார்கள்.

1997-க்கும் 2001-க்கும் இடையில் அந்தக் கடற்கரையில் பகுதி பகுதியாகக் கைபேசிக் கோபுரங்கள் வந்தன. கரையோரத்தில் நட்ட கோபுரம் 20, 25 கிலோமீட்டர் கடலுக்குள்ளும் எட்டியது. மீன் பிடிக்கும் தூரமும் ஏறக்குறைய அதுதான். மீனவர்கள் வலையை இழுத்த கையோடு நாலு கரைக்குப் போன் போட்டு விலை கேட்க ஆரம்பித்தார்கள். எந்தப் பகுதிக்கு எப்போது கோபுரம் வந்ததோ அந்தப் பகுதியில் அப்போதே விலைகள் ஒன்றையொன்று நெருங்கின. கோபுரம் வராத பகுதியில் பழைய கதைதான். இந்த வரிசைதான் ஆய்வின் பலம், மாற்றத்துக்குக் காரணம் வேறு எதுவோ என்று சொல்ல இடமில்லை.

பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிக்கொண்டிருந்தது, அது கிட்டத்தட்ட நின்றுபோனது. மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் லாபம் எப்படி? கடலில் கொட்டிய மீன் சட்டிக்கு வந்து சேர்ந்ததால்தான். இதற்கு அரசு மானியம் தேவைப்படவில்லை, புதிய படகும் தேவைப்படவில்லை.

அப்படியானால் எல்லா விவசாயிக்கும் விலைத் தகவல் கொடுத்தால் போதுமே?

போதாது. மகாராஷ்டிராவில் விவசாயிகளுக்கு எஸ்எம்எஸ் மூலம் சந்தை விலை அனுப்பும் சேவையை மார்செல் ஃபாஃப்ஷாம், பார்ட் மின்டன் இருவரும் சோதித்தார்கள். 2012-இல் வெளியான முடிவின்படி விற்ற விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஐடிசி நிறுவனம் 2000-இல் தொடங்கிய இ-சௌபால் என்ற கிராம இணைய மையங்கள் வந்த பிறகு சோயா விலை 1 முதல் 3 சதவீதம் உயர்ந்ததாக அபராஜிதா கோயலின் ஆய்வு காட்டியது. அங்கே விலை தெரிந்ததோடு, மண்டிக்கு வெளியே நேராகப் போய் விற்க ஓர் இடமும் இருந்தது.

படகைத் திருப்பினால் இன்னொரு கரை வந்துவிடும். மண்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கும் விவசாயியால் மூட்டையைத் திருப்ப முடியாது. பக்கத்து மண்டியில் 200 ரூபாய் கூடுதல் என்று போனில் வந்தால் அவருக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம். தகவலோடு போக்குவரத்தும், கடனிலிருந்து கொஞ்சம் விடுதலையும் வேண்டும். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இந்த வகையில் நல்ல முன்மாதிரி. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், விற்க இடமும் கூடவே இருக்கும்.

விலையை வெளியிடுவது எப்போதுமே நல்லதுதானா?

யார் அதைப் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. டென்மார்க்கில் 1993-இல் ரெடிமிக்ஸ் கான்கிரீட் நிறுவனங்கள் உண்மையில் விற்ற விலையை அரசு அமைப்பே வெளியிடத் தொடங்கியது. போட்டி பெருகும் என்று நினைத்தார்கள். ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 சதவீதம் ஏறியது. சில பெரிய விற்பனையாளர்களே உள்ள சந்தை அது. யார் ரகசியமாகத் தள்ளுபடி கொடுக்கிறார் என்று ஒருவரையொருவர் கண்காணிக்க வசதியாகிவிட்டது.

இஸ்ரேலில் 2015-இல் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் எல்லா விலையையும் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒப்பீட்டுத் தளங்கள் முளைத்தன, விலை 4 முதல் 5 சதவீதம் குறைந்தது. அங்கே படித்தவர்கள் வாடிக்கையாளர்களும் பத்திரிகைகளும்.

வேலை தேடுவதற்கும் இதே கணக்குதானா?

அடிப்படை அதேதான். ஜான் மெக்கால் 1970-இல் எழுதியது இது: வேலை தேடுகிறவர் மனத்தில் ஒரு குறைந்தபட்சச் சம்பளம் இருக்கும், அதற்குக் கீழே வந்தால் மறுத்துவிட்டுத் தேடலைத் தொடர்வார். அந்த எல்லையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, காத்திருக்கும் மாதங்களில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதுதான். அப்பா சம்பாதிக்கும் வீட்டுப் பையன் ஆறு மாதம் பொறுத்து நல்ல வேலையில் சேர்வான். வீட்டு வாடகை அவன் தலையில் என்றால் முதலில் வந்ததில் சேர்ந்துவிடுவான். இருவருக்கும் ஒரே படிப்பு, ஒரே மதிப்பெண் என்றாலும் பத்து வருடம் கழித்துச் சம்பளம் வேறு வேறாக இருக்கும்.

காலியிடங்களும் வேலையில்லாதவர்களும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்ற கேள்விக்கும் இங்கிருந்துதான் பதில் வந்தது. ஆளும் வேலையும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கக் காலம் ஆகிறது. அந்தக் காலத்தை மாதிரியாக்கியதற்காக டயமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டோபர் பிசாரிடீஸ் மூவரும் 2010-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அரசுத் தேர்வுக்கு வருடக்கணக்கில் படிப்பதும் தேடலா?

ஆமாம், மிக விலையுயர்ந்த தேடல். தமிழ்நாட்டில் 2001 முதல் 2006 வரை பெரும்பாலான அரசுப் பணிகளுக்கு ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. வாய்ப்பு சுருங்கினால் இளைஞர்கள் வேறு வேலைக்குப் போவார்கள் என்றுதான் நினைப்போம். குணால் மங்கள் செய்த ஆய்வு நேர்மாறாகக் காட்டியது: இன்னும் அதிக காலம் படித்துக்கொண்டிருந்தார்கள். தடை நீங்கிப் பத்தாண்டு கழித்தும், மிகவும் பாதிக்கப்பட்ட வயதினரின் வருமானம் குறைவாகவே இருந்தது.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பிள்ளைகளை இதை வைத்துக் குறை சொல்ல மாட்டேன். வேலை கிடைத்தால் வரும் பாதுகாப்பு அவ்வளவு பெரியது. ஆனால் வாஷிங் மெஷினுக்குப் போடும் கணக்கை இங்கேயும் போடலாம்: இன்னும் ஓர் ஆண்டு படித்தால் வாய்ப்பு எவ்வளவு கூடும், அந்த ஆண்டில் விட்டுப்போகும் சம்பளமும் அனுபவமும் எவ்வளவு? எத்தனை முயற்சி என்பதைப் படிக்கத் தொடங்கும் முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. நடுவில் பேச உட்கார்ந்தால் இதுவரை செலவழித்ததுதான் கண்ணில் நிற்கும்.

பல வாய்ப்புகள் இருந்தால் எதை முதலில் முயல்வது?

மார்ட்டின் வெய்ட்ஸ்மன் 1979-இல் தந்த பதில் பலரையும் ஆச்சரியப்படுத்தும். சராசரி அதிகமானதை முதலில் முயல வேண்டும் என்பதில்லை. ஒரு வாய்ப்பு நிச்சயமாக 60 தரும். இன்னொன்று நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் 200 தரும், இல்லாவிட்டால் ஒன்றும் தராது, ஆகச் சராசரி 50. இரண்டையும் முயன்று பார்க்கச் செலவு 5. முதலில் முயல வேண்டியது இரண்டாவதைத்தான். பலித்தால் 200, பலிக்காவிட்டால் 5 போகும், நிச்சயமான 60 காத்திருக்கும். நிச்சயமானது ஓடிப்போகாது என்றால் மட்டுமே இந்த வரிசை சரி.

வேலை தேடும் ஏழை இளைஞர்களுக்கு அரசு என்ன செய்யலாம்?

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் வேலை அறிவிப்புப் பலகைகள் நகரின் நடுவில் இருக்கின்றன. ஓரத்தில் வசிப்பவர் மினிபஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்துதான் படிக்க வேண்டும். ஆய்வாளர்கள் சிலருக்குப் பஸ் காசு கொடுத்தார்கள். வேறு சிலருக்கு, விண்ணப்பம் எழுதவும் நேர்காணலை எதிர்கொள்ளவும் பயிற்சி தந்து, அவர்களுடைய திறனைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். தொடக்கத்தில் இரண்டுமே பலன் தந்தன, முறைப்படியான ஒப்பந்தத்தோடு வேலை கிடைத்தவர்கள் கூடினார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது பஸ் காசின் பலன் கரைந்திருந்தது. பயிற்சியும் சான்றிதழும் பெற்றவர்களின் வருமானம் மட்டும் 20 சதவீதம் அளவுக்குக் கூடுதலாக இருந்தது. அவர்கள் வேலையைத் தேடியதோடு, வேலை கொடுப்பவருக்கும் அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபமாகியிருந்தது.